பில்ட்மோர்: யாரும் கவனிக்காத தோட்டம்

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், ஆஷ்வில் நகரத்தை ஒட்டி இருக்கிறது பில்ட்மோர் எஸ்டேட். 250 அறைகள் உள்ள ஒரு மாளிகையைப் பார்க்கத்தான் அங்கே கூட்டம் போகிறது. பழைய வாயிலைத் தாண்டியதும் மாளிகை கண்ணில் பட்டுவிடும் என்று நினைத்துப் போகிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். சுமார் 3 மைல் தூரம் சாலை மரங்களுக்குள்ளேயே போகிறது. பக்கத்தில் ஓடை, அதையொட்டிச் சிறு குட்டைகள், சரிவுகளில் ரோடோடெண்ட்ரான் புதர்கள், அவற்றுக்குப் பின்னால் உயர்ந்த மரங்கள். எந்த வளைவிலும் தொலைதூரக் காட்சி என்று ஒன்று கிடையாது. மாளிகையின் கூரைமுனைகூட எட்டிப் பார்ப்பதில்லை. கடைசியில் ஒரு வாயில், ஒரு திருப்பம். மரங்கள் சட்டென்று விலகுகின்றன. எதிரே நீண்ட, மட்டமான புல்வெளி. அதன் கோடியில் சுண்ணாம்புக்கல் மாளிகை முழுசாக நிற்கிறது.

போய் வந்தவர்கள் மாளிகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வழியில் பார்த்த காட்டைப் பற்றிக் கேட்டால், மலைநாட்டில் காடு இருப்பதில் என்ன அதிசயம் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். ஆனால் 1888-இல் அங்கே அப்படி ஒரு காடு இல்லை. புதர்களை ஆட்கள் நட்டார்கள். குட்டைகளை ஆட்கள் வெட்டினார்கள். சாலை எந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி எங்கே ஏற வேண்டும் என்பதை ஒருவர் பல மாதம் யோசித்து முடிவு செய்தார். பில்ட்மோரின் மிகப் பெரிய வடிவமைப்பு, பார்வையாளர்கள் வடிவமைப்பு என்றே நினைக்காத அந்தக் காடுதான். மாளிகையைவிட அதன் வரலாறு பெரியது. அதன் விளைவு எஸ்டேட்டின் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறது.

நிலத்தை வாங்கிவிட்டு ஆலோசனை கேட்டவர்

ஜார்ஜ் வாஷிங்டன் வாண்டர்பில்ட் 1862-இல் பிறந்தவர். கப்பலிலும் ரயிலிலும் பெரும் சொத்துச் சேர்த்த கொர்னீலியஸ் வாண்டர்பில்ட்டின் பேரன். பேரப்பிள்ளைகளில் தொழிலைவிடப் புத்தகத்தில் நாட்டம் அதிகம் உள்ளவர். 1888-இல் தாயாரோடு ஆஷ்வில்லுக்கு வந்தார். காற்று பிடித்திருந்தது, மலைக்காட்சி பிடித்திருந்தது. தன் பெயர் வெளியே தெரியாமல் முகவர்கள் மூலமாகத் துண்டு துண்டாக நிலம் வாங்க ஆரம்பித்தார். சுமார் 2,000 ஏக்கர் சேர்ந்த நிலையில், ஃபிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட்டை அழைத்து வந்து காட்டினார். தான் முட்டாள்தனம் ஏதாவது செய்துவிட்டேனா என்பதே அவர் கேட்க விரும்பிய கேள்வி.

ஓல்ம்ஸ்டெட்டுக்கு அப்போது 66 வயது. கால்வர்ட் வாக்ஸோடு சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர். புரூக்ளினில் பிராஸ்பெக்ட் பார்க், வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றிய வெளி, பாஸ்டனில் சங்கிலிபோலக் கோத்த பூங்காக்கள் என்று நாட்டின் முதன்மையான நிலத்தோற்ற வடிவமைப்பாளராக நிலைபெற்றவர். இளம் வயதில் ஸ்டேட்டன் தீவில் விவசாயம் செய்து மண்ணைப் படித்தவர். அதன்பின் செய்தியாளராகத் தென்மாநிலங்கள் முழுக்கச் சுற்றி, அடிமைமுறை அந்த நிலத்தையும் மனிதர்களையும் என்ன செய்திருக்கிறது என்று எழுதினார். அந்தப் பயணங்களில் 1854-இல் இதே ஆஷ்வில் மலைப்பகுதியைக் குதிரையில் கடந்திருக்கிறார். ஆகவே வாண்டர்பில்ட் காட்டிய நிலம் அவருக்கு முற்றிலும் புதியதல்ல.

இவ்வளவு நிலத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார் ஓல்ம்ஸ்டெட். பூங்கா ஆக்கலாம் என்றிருக்கிறேன் என்றார் வாண்டர்பில்ட். அந்தக் காலத்துச் செல்வந்தர் வேறு எதைச் சொல்வார்? இங்கிலாந்துப் பிரபுக்களின் எஸ்டேட்டுகள்தான் அப்போது எல்லோருக்கும் முன்மாதிரி: அலையலையாக இறங்கும் புல்வெளி, அங்கங்கே மரக்கூட்டம், நடுவே ஏரி, தூரத்தில் மேயும் ஆடு மாடு.

ஓல்ம்ஸ்டெட் பூசி மெழுகாமல் பேசினார். காற்றிலும் காட்சியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மண் சத்தில்லாத மண், காடு பரிதாபமான காடு என்றார். நல்ல மரங்களையெல்லாம் திரும்பத் திரும்ப வெட்டியெடுத்துவிட்டதால் சோனி மரங்கள்தான் மிச்சம். நிலத்தின் அமைப்பும் பூங்காவுக்கு ஒத்துவராது. வீட்டிலிருந்து பார்ப்பதற்குச் சிறிய பூங்கா ஒன்று போதும். வீட்டருகே சிறிய தோட்டங்கள் போடுங்கள். ஆற்றோரத் தாழ்நிலத்தில் பயிர் வைத்து, எருவுக்காக ஆடு மாடு வளருங்கள். மீதி அத்தனையையும் காடாக்குங்கள். அவர் சொன்ன திட்டத்தின் சாரம் இதுதான். கடைசிவரை அது மாறவில்லை.

கோடீஸ்வர வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுப் போவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் ஆங்கிலப் பூங்காவுக்கு மென்மையான சரிவும், கோடையிலும் வாடாத புல்லும், ஏற்கெனவே வளர்ந்து விரிந்த பெருமரங்களும் வேண்டும். பில்ட்மோரில் இருந்ததோ குறுகலான முகடுகள், செங்குத்துப் பள்ளங்கள், உழுது உழுது சத்துப்போன களிமண். அங்கே வலுக்கட்டாயமாகப் பூங்கா போட்டிருந்தால், அதைக் காப்பாற்ற ஒவ்வொரு ஆண்டும் நிலத்தோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். நிலம் எதைத் தாங்கும் என்று முதலில் பார்த்தார் என்பதுதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. அந்த நிலம் வெறும் நிலமாக இருக்கவில்லை. ஆதியில் செரோக்கி மக்களின் நாடு அது. வாண்டர்பில்ட்டின் முகவர்கள் வாங்கியவற்றில் சிறு விவசாயிகளின் பண்ணைகள் இருந்தன. அடிமைமுறை ஒழிந்தபின் கறுப்பின மக்கள் ஊன்றிய ஷைலோ என்ற குடியிருப்பும் இருந்தது. அவர்கள் நிலத்தை விற்று வேறிடம் போனார்கள். தேவாலயமும் இடம் மாறியது. ஆஷ்வில்லில் ஷைலோ என்ற பெயரில் இன்றும் ஒரு பகுதி இருக்கிறது. ஓல்ம்ஸ்டெட் வரைபடத்தில் ‘பழைய வயல்கள்’ என்று மரம் நடக் குறித்த இடங்களில் யாரோ உழுதிருந்தார்கள். அழகான காட்டைப் பார்க்கிறபோது இதையும் நினைவில் வைத்திருப்பது நியாயம்.

மூன்று மைல் சாலை

அணுகுசாலையை ஓல்ம்ஸ்டெட் எப்படி யோசித்தார் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மலைநாட்டில் சாலை போடும் எவரும் முகட்டைத் தேடுவார்கள். அங்கேதான் காட்சி கிடைக்கும். அவர் வேண்டுமென்றே பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தார். பள்ளத்தில் நீர் இருக்கும், நிழல் இருக்கும், ஈரம் நிற்பதால் செடி செழிக்கும். முக்கியமாக, பள்ளத்தில் போகிறவருக்குத் தொலைவு தெரியாது. வழியெங்கும் மலைக்காட்சியைக் காட்டிக்கொண்டே வந்தால் மாளிகையின் முன் வந்து நிற்கும்போது கண் சலித்துப் போயிருக்கும். ஆகவே 3 மைலுக்குக் கண்ணை அருகிலேயே கட்டிப்போட்டார்: ஒரு பாறை, ஒரு ஊற்று, நீரில் விழும் இலைநிழல்.

நடவிலும் அதே கணக்குதான். சாலையோரத்தில் குட்டையான செடிகள், அவற்றின் பின்னால் ரோடோடெண்ட்ரான், மவுண்டன் லாரல் போன்ற பசுமை மாறாப் புதர்கள், அதற்கும் பின்னால் மரங்கள். அடுக்கடுக்காக உயரும்போது காடு உண்மையில் இருப்பதைவிட ஆழமாகத் தெரிகிறது. பின்னால் மொட்டை வயல் இருந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆரம்ப ஆண்டுகளில் பல இடங்களில் அப்படித்தான் இருந்திருக்கும், ஏனென்றால் மரங்கள் அப்போதுதான் கன்றுகள். குளிர்காலத்தில் இலையுதிர் மரங்கள் நிர்வாணமாக நிற்கும்போதும் சாலை பச்சையாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பசுமை மாறாச் செடிகளை அள்ளிக் கொட்டினார். வெப்பநாட்டுக் காட்டின் அடர்த்தி அந்த மலைக்குளிரிலும் தோன்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. மூங்கில் இனங்களும் அந்தச் சாலையோரத்தில் சேர்ந்தன.

இதில் கைவேலை தெரியக் கூடாது என்பது அவர் தனக்கே வைத்துக்கொண்ட நிபந்தனை. பயணி இயற்கைக்குள் போகிறோம் என்று நம்ப வேண்டும். முடிவில், முற்றிலும் மனிதக் கையால் ஆன, மட்டம் பார்த்து வெட்டிய, கோடு பிடித்தாற்போன்ற முற்றத்துக்குள் அவர் திடீரென்று வந்து விழ வேண்டும். முன்னது எவ்வளவு காடாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பின்னது மாளிகையாகத் தெரியும். கட்டடத்துக்குக் கட்டடக்கலைஞர் தந்த பிரம்மாண்டத்தில் ஒரு பங்கு அந்த 3 மைல் சாலையிலிருந்து வந்தது என்பேன்.

அந்தக் கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் மோரிஸ் ஹண்ட். பிரெஞ்சு மறுமலர்ச்சிக் கால அரண்மனைப் பாணியில் மாளிகையை வரைந்தவர். அவருக்கும் ஓல்ம்ஸ்டெட்டுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1860-களில் சென்ட்ரல் பார்க்குக்கு ஹண்ட் வரைந்த ஆடம்பரமான வாயில்களை, பூங்காவின் உணர்வுக்கு அவை ஒவ்வாது என்று ஓல்ம்ஸ்டெட்டும் வாக்ஸும் எதிர்த்தார்கள். வாயில்கள் கட்டப்படவே இல்லை. பில்ட்மோரில் இரண்டு முதியவர்களும் ஒருவர் எல்லையை ஒருவர் மதித்து வேலை செய்தார்கள். மாளிகைக்கு அருகில் ஹண்ட்டின் நேர்கோடுகளுக்கு ஓல்ம்ஸ்டெட் முழுதாக இடம் விட்டார். முன்புல்வெளியின் இருபுறமும் டியூலிப் மரங்களை வரிசையாக நிறுத்தினார். புல்வெளியின் மறுகோடியில் கல்லாலான சாய்வுப் பாதை, அதற்கு மேலே சரிவு ஏறி உச்சியில் ரோமானிய வேட்டைத் தெய்வம் டயானாவின் சிலை. எல்லாம் ஒரே அச்சில் இருக்கின்றன.

ஒரு இடத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிஸ்கா மலையைப் பார்த்த மேற்குப் பக்கத்தில்தான் பெரிய மேடை அமையும் என்று எவரும் நினைப்பார்கள். வடமேற்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும் இடம் அது. மேலும் மேடை நீட்டிக்கொண்டிருந்தால் அறைகளிலிருந்து பள்ளத்தாக்கு தெரியாது. மேடையைத் தெற்கே கொண்டுபோகச் சொன்னார். மாளிகையே காற்றைத் தடுத்து நிற்கும். குளிர்காலத்திலும் வெயிலில் உலாவலாம். மலையை மறைக்கவும் எதுவும் இருக்காது. உயர்ந்த தாங்குசுவர்களின் மேல் எழுப்பிய அந்தத் தெற்கு மேடை இன்றும் எஸ்டேட்டில் எல்லோரும் கடைசியாக விட்டு நகரும் இடமாக இருக்கிறது.

வீட்டிலிருந்து விலக விலக

தோட்டங்களைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. படங்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றின் வரிசையில் உள்ள எண்ணம்தான் கவனிக்க வேண்டியது. மாளிகையை ஒட்டி இத்தாலியத் தோட்டம்: மூன்று குளங்கள், தாமரையும் அல்லியும், அளவெடுத்த ஒழுங்கு. கொஞ்சம் இறங்கினால் புதர்த்தோட்டம். பாதைகள் வளைய ஆரம்பிக்கின்றன. அதற்கும் கீழே 4 ஏக்கரில் மதில் சூழ்ந்த பூந்தோட்டம். பாத்திகள் வரிசையாக இருந்தாலும், தாழ்வான இடத்தில் மதிலுக்குள் இருப்பதால் மாளிகையிலிருந்து பார்ப்பவரின் மலைக்காட்சியைப் பூக்களின் நிறம் கலைப்பதில்லை. பிறகு அசேலியா என்ற பூப்புதர்கள் நிறைந்த பள்ளம், அதன் முடிவில் பாஸ் குளம், அப்புறம் காடு. எங்கே தோட்டம் முடிந்து காடு தொடங்கியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

பாஸ் குளத்தில் சற்று நிற்கலாம். பண்ணைக்காலத்து ஆலைக்குளம் ஒன்றை விரித்து, தீவுகள் விட்டு, கரையை வளைத்து வளைத்து அமைத்தது அது. குளம் அழகாக அமைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குச் சில வருடங்களில் பாடம் கிடைக்கும்: ஒவ்வொரு பெருமழைக்கும் ஓடை மண்ணை அடித்துக்கொண்டு வரும், குளம் மெல்ல மெல்லத் தூர்ந்துபோகும். மலைச்சரிவில் வெட்டிய குளத்துக்கு இது தப்பாத விதி. ஓல்ம்ஸ்டெட் குளத்துக்கு மேற்புறத்தில் ஒரு தடுப்பை வைத்து, அங்கிருந்து குளத்தின் அடியிலேயே செங்கல் கால்வாய் ஒன்றைக் கொண்டுபோனார். மழைவெள்ளம் சேற்றோடும் சருகோடும் வரும்போது அது குளத்துக்குள் நுழையாமல், தரைக்கடியில் ஓடி, கரைக்கு அந்தப்பக்கம் வெளியேறிவிடும். சாதாரண நாளில் தெளிந்த நீர் மட்டும் குளத்துக்குப் போகும். கரையில் நின்று தண்ணீரில் வானத்தைப் பார்க்கிறவருக்குக் காலடியில் ஒரு சுரங்கம் வேலை செய்கிறது என்று தெரியாது. தூர்வாரும் செலவை யோசிக்காமல் குளம் வெட்டுகிற எல்லோரும் பார்க்க வேண்டிய கால்வாய் அது.

இவ்வளவு செடிகளும் எங்கிருந்து வந்தன? விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. கேட்ட இனங்கள் கேட்ட எண்ணிக்கையில் சந்தையில் கிடைக்கவும் கிடைக்காது. ஆகவே எஸ்டேட்டுக்குள்ளேயே நாற்றங்கால் போட்டார்கள். பக்கத்து மலைகளில் ஆட்களை விட்டு ரோடோடெண்ட்ரானையும் லாரலையும் வேர்மண்ணோடு தோண்டி வரச் செய்தார்கள். விதைகளும் கன்றுகளும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தன. நாற்றங்காலைக் கவனிக்க 1890-இல் சான்சி பீடில் என்ற கனடாக்காரர் தற்காலிகமாகச் சில வார வேலைக்கு வந்தார். 1950-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். இடையில் பூங்குறிஞ்சி போலச் சரிவுகளை நிறைக்கும் காட்டு அசேலியாக்கள் மீது அவருக்குப் பித்துப் பிடித்தது. நண்பர்களோடு காரில் தென்கிழக்கு மாநிலங்கள் முழுக்க அலைந்து இனம் இனமாகச் சேகரித்தார். சேர்த்ததை எஸ்டேட்டுக்கே கொடுத்தார். மாளிகைக்குக் கீழே இருந்த பள்ளத்துக்கு 1940-இல் அசேலியாத் தோட்டம் என்று பெயர் வந்தது அவர் சேவையைப் பாராட்டித்தான். ஒரு வடிவமைப்பாளர் கோடு போட்டுவிட்டுப் போகலாம். அந்தக் கோட்டை 60 ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்க இப்படி ஒருவர் வேண்டியிருக்கிறது. நிலவடிவமைப்பு வரலாறு எழுதுகிறவர்கள் பீடில் போன்றவர்களுக்கு ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. இதோ, நானும் ஒரு பத்திதான் எழுதியிருக்கிறேன்; மனம் ஒப்பவில்லை.

மீதி நிலம்

ஓல்ம்ஸ்டெட் சொன்ன ‘மீதி’ வளர்ந்துகொண்டே போனது. வாண்டர்பில்ட் பிஸ்கா மலை வரைக்கும் அதற்கு அப்பாலும் வாங்கி, கடைசியில் 1,25,000 ஏக்கரைத் தொட்டார். இவ்வளவு நிலத்தைத் தோட்டக்காரர்களை வைத்துப் பராமரிக்க முடியாது. காட்டை வெட்டவும் வேண்டும், காடு குறையாமலும் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த தொழில். அமெரிக்காவிலோ, இருப்பதை வெட்டித் தீர்த்துவிட்டு அடுத்த மலைக்குப் போவதுதான் வழக்கம். ஓல்ம்ஸ்டெட்டின் யோசனைப்படி கிஃபர்ட் பின்ஷோ என்ற 26 வயது இளைஞரை 1892-இல் வேலைக்கு எடுத்தார்கள். பிரான்ஸின் நான்சி நகரில் வனவியல் படித்துத் திரும்பியவர் அவர். சோனி மரங்களைக் கழித்து நல்ல மரங்களுக்கு வெளிச்சம் விட்டார். எது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுத்தார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பில்ட்மோர் காட்டைப் படங்களோடு நாட்டுக்குக் காட்டினார். அந்தக் கண்காட்சித் திடலை வடிவமைத்ததும் ஓல்ம்ஸ்டெட்தான். 1905-இல் அமெரிக்க வனத்துறை உருவானபோது அதன் முதல் தலைவர் பின்ஷோ.

அவருக்குப் பின் 1895-இல் ஜெர்மனியிலிருந்து கார்ல் ஷெங்க் வந்தார். தேய்ந்துபோன பழைய வயல்களில் மரம் பிடிக்க வைப்பது அவர் தலையில் விழுந்தது. வெள்ளை பைன் அங்கே நன்றாக ஊன்றிக்கொண்டது; அரித்துக் கிடந்த மேடுகளை அது மூடியது. 1898-இல் ஷெங்க் எஸ்டேட்டிலேயே வனவியல் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நாட்டிலேயே முதலாவது அது. மாணவர்கள் காலையில் பாடம் கேட்டு, பிறகு குதிரையில் காட்டுக்குப் போனார்கள்.

அந்தப் பள்ளி விட்டுச்சென்ற கருவி ஒன்று இன்றும் வனத்துறையினர் கையில் இருக்கிறது. பெயரே பில்ட்மோர் குச்சி. பார்ப்பதற்குச் சாதாரண அடிக்கோல். மரத்தின் மார்பளவு உயரத்தில் அதைப் படுக்கையாக வைத்து, கண்ணிலிருந்து 25 அங்குலத் தூரத்தில் பிடிக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குச்சியின் இடதுமுனை மரத்தின் இடது விளிம்போடு சேருமாறு வைத்து, தலையை அசைக்காமல் வலது விளிம்பு எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்த்தால் மரத்தின் விட்டம் தெரிந்துவிடும். குச்சியில் உள்ள கோடுகள் சமஇடைவெளியில் இல்லை. எண் ஏற ஏற நெருங்கி வருகின்றன. உருண்டையான அடிமரத்தின் ஓரம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்ற வடிவியல் அந்த நெருக்கத்தில் அடங்கியிருக்கிறது. ஆயிரக்கணக்கான மரங்களைச் சுற்றி நாடா பிடிக்க முடியாத ஒரு காட்டில், ஒரே ஆள் வேகமாக அளந்துகொண்டே போவதற்குப் பிறந்த கோல். நில அழகைப் பற்றிய ஒரு யோசனை கடைசியில் ஒரு அளவுகோலாகக் கையில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

நடக்காமல் போனதும் உண்டு. நூற்றுக்கணக்கான மர இனங்களை ஒரு நீண்ட சாலையோரமாக நட்டு, அறிவியல் ஆராய்ச்சிக்கும் பயன்படும் மரக்காட்சிச்சாலை ஒன்றை அமைக்க வேண்டும் என்பது ஓல்ம்ஸ்டெட்டின் பெருங்கனவு. பில்ட்மோரிலேயே அவர் அதிகம் ஆசைப்பட்டது அதற்குத்தான். தனியார் ஒருவர் பணத்தில் தேசத்துக்குப் பயன்படும் காரியம் நடக்கட்டும் என்று நினைத்தார். திட்டங்கள் தயாராயின, கன்றுகளும் வளர்ந்தன. மரக்காட்சிச்சாலை மட்டும் உருவாகவில்லை. செலவுகள் ஏறிக்கொண்டே போயின. அதைக் கட்டாயப்படுத்திச் செய்யவைக்க ஓல்ம்ஸ்டெட்டும் இல்லை. 1895-இல் அவர் நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. அந்த வசந்தத்தில் ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் பில்ட்மோருக்கு வந்து அவரை முழு உருவத்தில் வரைந்தார்: பூத்துக் கிடக்கும் புதர்களுக்கு நடுவே, கையில் தடியோடு ஒரு வெண்தாடிக் கிழவர். ஹண்ட் அந்த ஆண்டு ஜூலையில் இறந்தார். 1895 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் மாளிகை திறந்தபோது இருவருமே அங்கே இல்லை. ஓல்ம்ஸ்டெட் 1903-இல் காலமானார். அவர் நட்ட மரங்கள் அப்போது முழு வளர்ச்சியை எட்டியிருக்கவில்லை.

கைமாறிய காடு

வாண்டர்பில்ட் 1914 மார்ச்சில் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஏற்பட்ட சிக்கலில் இறந்தார்; வயது 51. மனைவி ஈடித் சுமார் 87,000 ஏக்கர் காட்டை ஏக்கருக்கு ஏறத்தாழ 5 டாலர் விலையில் அரசுக்கு விற்றார். பல ஆண்டுகள் பராமரித்த காட்டுக்கு அது மிகக் குறைந்த விலை. தன் கணவர் காட்டைப் பாதுகாத்தது போலவே அது பாதுகாக்கப்பட வேண்டும் என்பது அவர் நோக்கமாக இருந்தது. 1916-இல் அந்த நிலம் பிஸ்கா தேசிய வனத்தின் மையப்பகுதி ஆனது. கிழக்கு அமெரிக்காவில் அரசிடம் பொதுக்காடு அநேகமாக இல்லாத காலம் அது. தனியார் நிலத்தை விலைக்கு வாங்கித் தேசிய வனம் ஆக்க 1911-இல்தான் சட்டம் வந்திருந்தது. மற்ற இடங்களில் அரசு வாங்கியதெல்லாம் பெரும்பாலும் மொட்டையடித்த மலைகள். பிஸ்காவில் பல ஆண்டுகள் கணக்கோடு பேணிய காடு கிடைத்தது.

அதே 1916 ஜூலையில் பிரெஞ்ச் பிராட் ஆறும் ஸ்வானனோவா ஆறும் ஊரை மூழ்கடித்தன. தாழ்நிலத்தில் இருந்த நாற்றங்கால் அழிந்தது; அதன் வியாபாரம் அதோடு முடிந்தது. பிற்பாடு ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோய் அந்த மலைகளின் செஸ்ட்நட் மரங்களை ஏறக்குறைய முழுதாகத் துடைத்தெடுத்தது. இப்போது ஹெம்லாக் மரங்களைச் சாறுறிஞ்சும் பூச்சி கொல்கிறது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது பிரெஞ்ச் பிராட் ஆறு ஆஷ்வில்லில் 1916-இன் உயரத்தையும் தாண்டியது. எஸ்டேட்டின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின, மரங்கள் பல சாய்ந்தன. நவம்பர் தொடக்கம் வரை கதவு மூடியே இருந்தது. மேட்டில் இருந்த மாளிகைக்கும் அதை ஒட்டிய தோட்டங்களுக்கும் பெரிய சேதம் இல்லை. வீடு மேட்டிலும் விவசாயம் வெள்ளச் சமவெளியிலும் என்று 1888-இல் பிரித்த பிரிவு, 136 ஆண்டு கழித்தும் வேலை செய்தது.

இன்று எஸ்டேட் சுமார் 8,000 ஏக்கர். 1930-இல் பொருளாதார வீழ்ச்சியின்போது பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். அந்தக் குடும்பத்தின் கையில்தான் இன்னும் இருக்கிறது. தெற்கு மேடையில் நின்றால், ஆற்றுக்கு அப்பால் மடிப்பு மடிப்பாக எழுந்து பிஸ்கா மலையில் முடியும் காட்சி ஓல்ம்ஸ்டெட் விரும்பியபடியே தெரிகிறது. அதில் பெரும்பகுதி இப்போது அந்த வீட்டுக்குச் சொந்தமில்லை. வாண்டர்பில்ட் தன் மாளிகையிலிருந்து பிஸ்கா மலைக்கு அருகில் இருந்த வேட்டை விடுதிக்குப் போய்வர ஒற்றையடிப் பாதை ஒன்றை வெட்டியிருந்தார். அந்தப் பாதையின் பெரும்பகுதி இன்று பொதுமக்கள் நடக்கும் பாதை. அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். லாரல் புதர்கள் தலைக்கு மேல் கூடி நிற்கும் அந்த வழியே ஏறிப் போனால், முடிவில் விடுதியின் அஸ்திவாரக் கற்கள் மட்டும் மரங்களுக்கு நடுவே கிடக்கின்றன.